அந்த நாவலில் பேயிடம் எவரும் பெயர் கேட்கவில்லை

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவிலிருந்து எழுதியிருக்கும் ஆசிரியைக்கு,

மற்றவர்களும் இதை வாசிக்கப்போவதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர்த்தேக்கம் ஒன்றின் மேட்டில் நிற்கும், தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவைக் களமாகக் கொண்ட அமானுஷ்ய நாவல் ஒன்றை வாங்கி, மூன்று இரவுகளில் வாசித்து முடித்திருக்கிறீர்கள். பாதிப் புத்தகம் வரை விளக்கை அணைக்க மனம் வரவில்லை என்றும், கடைசி ஐம்பது பக்கங்களை வாசித்தபோது யாரோ உங்களை ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது என்றும் எழுதுகிறீர்கள். உங்களோடு படிப்பிக்கும் ஒருவர், “பேய் வரும் என்று எதிர்பார்த்து வாசித்ததுதான் உங்கள் பிழை, இது மனத்தைப் பற்றிய நாவல்” என்று சொல்ல, உங்கள் வாசிப்பின் மீதே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் புத்தகத்தைப் பாடசாலை நூலகத்தில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அதே நாவலை நானும் இரண்டு முறை வாசித்தேன். எழுதியவருக்கு இது முதல் நாவல் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். உங்கள் ஏமாற்றம் நியாயமானது என்பதே என் முடிவு. ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தோடு, அதாவது ‘எல்லாவற்றையும் விளக்கிக் கெடுத்துவிட்டார்கள்’ என்பதோடு, நான் முழுமையாக உடன்படவில்லை. விளக்கியது ஒரு குறைதான். அதைவிடப் பெரிய குறை ஒன்று அந்த நாவலுக்குள் முன்பே தொடங்கிவிடுகிறது.

முதற்பாதியைப் பற்றி உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். அது உண்மையாகவே நல்ல எழுத்து. பங்களாவின் பின்கட்டுச் சமையலறைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து புதிதாக வந்த சின்னத்துரை (தோட்டத்தின் உதவி முகாமையாளர்), தண்ணீர் குடிப்பதற்காக நடு இரவில் அங்கே போகிறான். அடுப்பில் தணல் சாம்பல் மூடிக் கிடக்கிறது. சிமெந்துத் தரையில் ஈரக் காலடிகள் பின்வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் வந்திருக்கின்றன, திரும்பிப் போனதற்கு அடையாளம் இல்லை. அவன் கத்தவில்லை. பங்களா வேலையாளான அப்புவை எழுப்பவுமில்லை. குனிந்து ஒரு காலடியின் மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறான், அது வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் எனக்கு முதுகு சிலிர்த்தது. பேயின் காலடி சில்லென்று இருக்கும் என்றுதான் நூறு பேர் எழுதியிருப்பார்கள். அடுப்பங்கரையில் நெடுநேரம் நின்று குளிர் காய்ந்த ஒருத்தியின் காலடி அது என்பதை ஆசிரியர் ஒரு சொல்லாலும் சொல்லாமல் உணரவைத்துவிடுகிறார். நம் மலையில் மார்கழி, தை மாதப் பனியில் அடுப்பண்டையில் குந்தியிருக்காத மனிதர் யார்? மறுநாள் அதிகாலையில், பங்களா அப்பு எதுவும் பேசாமல் அந்தத் தரையைத் துடைத்துவிட்டு, அடுப்பில் இன்னொரு விறகைக் கூடுதலாகச் செருகுகிறார். அப்புவுக்குத் தெரியும் என்பது நமக்கு அங்கேதான் தெரிகிறது. இத்தகைய இடங்கள் முதற்பாதியில் ஐந்தாறு இருக்கின்றன. அவற்றை நம்பி நீங்கள் விழித்திருந்தீர்கள் என்றால் அது ஒரு நல்ல வாசகி செய்ய வேண்டியதுதான்.

பிறகு என்ன நடக்கிறது? கண்டியிலிருந்து ஒரு வைத்தியர் வருகிறார். சின்னத்துரைக்குத் தூக்கமின்மை, அதற்கு எடுத்த மாத்திரை, தனிமை எல்லாமாகச் சேர்ந்து கண்ணுக்கும் காதுக்கும் இல்லாததைக் காட்டியிருக்கின்றன என்கிறார். நீருக்கடியிலிருந்து இரவில் கேட்ட கோயில் மணியோசை, மதகுக் கதவில் தொங்கிய சங்கிலியின் ஓசையாகிவிடுகிறது. ஈரக் காலடிகள் கூரை ஒழுக்காகிவிடுகின்றன. சின்னத்துரை கொழும்புக்குத் திரும்புகிறான். கடைசிப் பக்கத்தில் மட்டும், அவனை ஏற்றிக்கொண்டு கார் புறப்படும்போது, அந்த மணி ஒருமுறை அடிக்கிறது.

இப்படிக் கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடும் வழக்கம் புதியதல்ல. இங்கிலாந்தில் 1790களில் மிகப் பெரும் புகழோடு இருந்த ஆன் ராட்கிளிஃப் தம் நாவல்களில் கோட்டை, இருட்டு, முகத்திரை, முனகல் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு வாசகரை நடுங்கவைத்து, கடைசியில் ஒவ்வொன்றுக்கும் இயற்கையான காரணத்தை எடுத்து வைத்தார். அவரைப் பெரிதும் மதித்த வால்டர் ஸ்கொட்டே அந்த ஒன்றை மட்டும் குறையாகச் சொன்னார். ஆகவே நீங்கள் அடைந்த ஏமாற்றம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாசகர்கள் அடைந்துவரும் ஏமாற்றம். அதற்குக் காரணம் எளிது. அச்சத்தின் அளவும் விளக்கத்தின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பெண்ணின் துயரத்துக்கு நிகராக ஒரு சங்கிலியை நிறுத்திக் கணக்கைச் சரிசெய்ய முடியாது.

ஆனால் விளக்கம் வந்தாலே கதை கெட்டுவிடும் என்றோ, விளக்காமல் விட்டாலே கதை உயர்ந்துவிடும் என்றோ முடிவு கட்டிவிட வேண்டாம். பல்கேரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த திறனாய்வாளர் தொதரோவ் 1970-இல் இவ்வகை இலக்கியத்தைப் பற்றி எழுதியபோது, இதன் உயிர் தயக்கத்தில் இருக்கிறது என்றார். நடந்தது இயற்கைக்கு உட்பட்டதா, அதை மீறியதா என்று பாத்திரமும் வாசகரும் முடிவெடுக்க முடியாமல் நிற்கும் அந்த நேரம்தான் அது. இயற்கைக்கு உட்பட்டது என்று முடிவெடுத்தால் கதை ஒரு பக்கம் சாய்கிறது, மீறியது என்று ஏற்றுக்கொண்டால் மறு பக்கம் சாய்கிறது. உங்கள் சக ஆசிரியர் மனத்தைப் பற்றிய நாவல் என்று சொன்னதற்குப் பின்னால் இந்த எண்ணம்தான் இருந்திருக்க வேண்டும். கடைசிப் பக்கத்து மணியோசையும் அந்தத் தயக்கத்தை மீட்டுக்கொள்வதற்காக வைக்கப்பட்டதுதான். ஆனால் ஐம்பது பக்கம் வைத்தியரைப் பேசவிட்டுவிட்டு ஒரு வரியில் மணியை அடிப்பதால் தயக்கம் திரும்பி வராது. அதைப் பக்கத்துக்குப் பக்கம் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் வெளியிட்ட புகழ்பெற்ற குறுநாவலில், நாட்டுப்புறத்து மாளிகை ஒன்றில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் இளம் பெண் இரு உருவங்களைக் காண்கிறாள். அவை உண்மையா, அவளுடைய மனத்தின் விளைவா என்பதைப் பற்றி இன்றுவரை அறிஞர்கள் வாதாடுகிறார்கள். என்றாலும் அந்த உருவங்கள் யார் என்பதில் மயக்கமில்லை. அவள் கண்ட ஆணின் அடையாளத்தைச் சொன்னதுமே, அவன் அந்த வீட்டில் முன்பு வேலை செய்து இறந்துபோனவன் என்று வீட்டைப் பராமரிக்கும் பெண்மணி பெயரோடு சொல்லிவிடுகிறாள். மற்றவள் பிள்ளைகளுக்கு முன்பு பாடம் சொல்லிக்கொடுத்தவள். பேய் உண்டா என்பது திறந்த கேள்வியாக இருக்கிறது, யாருடைய பேய் என்பது முதலிலேயே தீர்ந்துவிடுகிறது.

நம் மொழியிலேயே புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ இருக்கிறது. கதை எழுதுகிறவன் ஒருவனின் வீட்டுக்கு வேலைக்காரியாக ஒருத்தி வந்து சேர்கிறாள். இரவில் அறைக்குள் வந்து போகும் ஒரு வாசனையைத் தவிர அவளைப் பற்றி உறுதியாகச் சொல்ல அவனிடம் அதிகமில்லை. கதை முடிந்த பிறகும் விளக்கம் இல்லை. ஆனால் அதை வாசித்துவிட்டு ஏமாந்தேன் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அவளுக்குப் பெயர் இருக்கிறது, வீட்டுக்குள் ஓர் இடம் இருக்கிறது, அந்தத் தம்பதியோடு ஏதோ ஒரு வழக்கும் இருக்கிறது.

நான் சொல்ல வந்ததை இனி நம் லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகளிலிருந்து, ஒரு நிகழ்ச்சியைக் கொண்டுதான் சொல்ல முடியும். எனக்குப் பத்து வயதிருக்கும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எங்கள் காம்பராவுக்கு (லயத்து அறைக்கு) இரண்டு காம்பரா தள்ளி, திருமணமாகி ஆறு மாதமான ஒரு பெண் இருந்தாள். ஒருநாள் உச்சி வெயிலில் பீலிக்கரையில் குடத்தோடு மயங்கி விழுந்தவள், அதன் பிறகு சாப்பிடவில்லை, புருஷனை அண்டவிடவில்லை, சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். வெள்ளிக்கிழமை இரவு கோடாங்கி வந்தார். இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், அவளை உட்காரவைத்து, சாம்பிராணி போட்டு, உடுக்கை அடித்துப் பாடிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்கு நினைவில்லை; என் அப்பாயியின் கம்பளிக்குள் இருந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் தலைவிரித்து ஆடத் தொடங்கியதும் கோடாங்கி உடுக்கை நிறுத்தினார். மிரட்டல் எதுவும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த விருந்தாளியிடம் விசாரிப்பதைப் போலக் கேட்டார்: “யாரு தாயி நீ? எந்த லயம்? என்னா வேணும் ஒனக்கு?”

அவள் ஒரு பெயரைச் சொன்னாள். மேல் லயத்தில் அதற்கு முந்தின ஆண்டு பிள்ளைப்பேற்றில் இறந்துபோனவளின் பெயர் அது. உறவினர் இன்னும் அங்கே இருப்பதால் அதை எழுதவில்லை. பெயரைக் கேட்டதும் கூட்டத்திலிருந்த பெண்கள் அழத் தொடங்கினார்கள். பயந்து ஓடியவர் ஒருவருமில்லை. அவள் இரண்டே இரண்டைக் கேட்டாள்: ஒரு கோப்பை சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்), பிள்ளையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மேல் லயத்துக்கு ஆள் ஓடியது. இறந்தவளின் மாமியார், கம்பளியில் சுற்றிய பிள்ளையை அந்த இருட்டில் ஏந்திக்கொண்டு படி இறங்கி வந்தது இப்போதும் என் கண்முன் நிற்கிறது. அவள் பிள்ளையைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே சாயத்தண்ணியைக் குடித்து முடித்தாள். அதன் பிறகுதான் கோடாங்கி அவளுடைய உச்சி மயிரில் ஒரு கற்றையை அறுத்து, லயத்துக்குப் பின்னாலிருந்த பலா மரத்தில் ஆணி வைத்து அடித்தார். அடுத்த மூன்று நாளும் மாலையில் என் அப்பாயி மேல் லயத்துப் படிக்கட்டில் ஒரு கோப்பை சாயத்தண்ணி வைத்துவிட்டு வந்தார்.

அங்கே பேய் உண்டா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. தாய்வீட்டுக்குப் போகவிடாமல் வைத்திருந்த ஒரு புதுப்பெண்ணுக்கு, தன் துயரத்தைத் தன் குரலில் சொல்ல வழியில்லாமல் இன்னொருத்தியின் குரல் தேவைப்பட்டது என்று பிற்காலத்தில் எனக்குத் தோன்றியதுண்டு. அடுத்த வாரமே அவளை அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப்போனான். இரண்டு விதமாகப் பார்த்தாலும் கோடாங்கியின் மூன்று கேள்விகள் சரியான கேள்விகள். மலையடிவாரத்துச் சிங்களக் கிராமங்களில் நடக்கும், பேயோட்டும் தொவில் சடங்கும் இதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. நோய் கொண்டுவரும் சன்னி யக்கா எனும் பேய்கள் பதினெட்டுக்கும் தனித்தனிப் பெயருண்டு, முகமூடியுண்டு. ஒவ்வொன்றும் வந்து பறை அடிப்பவரோடு பேசி, தனக்குரியதைப் பெற்றுக்கொண்டுதான் போகும். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோதைக்கு, அதாவது இயந்திரச் சக்கரத்துக்கு, பக்கத்தில் ரோதமுனிக்கு விளக்கு வைக்கும் நம் வழக்கத்திலும், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் கவ்வாத்துச் சாமிக்குப் படைப்பதிலும் இதே முறைதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது எதுவானாலும் அது இன்னார், அதற்கு இன்னது உரியது என்று தெரிந்து வைத்திருப்பவர்கள் நாம்.

இப்போது நாவலுக்குத் திரும்புவோம். நீரிலிருந்து ஏறி வந்து அடுப்பண்டையில் நிற்கும் அந்தப் பெண் யார்? நானூறு பக்க நாவலில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது, ஏனென்றால் தடயங்களை அவரே வைத்திருக்கிறார். ஏழாம் அத்தியாயத்தில் அப்புவின் தகரப்பெட்டி திறந்து கிடக்கும்போது, அதில் பிள்ளைகளின் படம் ஒட்டிய ஓர் இந்தியக் கடவுச்சீட்டு தெரிகிறது. அதன் கீழே மண்டபம் தபால் முத்திரை குத்திய, பிரிக்கப்படாத கடிதம் ஒன்று. கப்பலில் இந்தியா போன நம்மவர்கள் முதலில் தங்கவைக்கப்பட்ட முகாம் மண்டபத்தில்தான் இருந்தது; அந்த முத்திரையை வாசித்ததும் நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் ‘அக்கா போகவில்லை’ என்று அப்பு வாய்தவறிச் சொல்கிறார். கதை நடப்பது 1970களின் பிற்பகுதியில். 1948-இல் குடியுரிமை இழந்த நம் மக்களை, 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வது. ஒரே காம்பராவில் படுத்திருந்தவர்களுக்கு இரண்டு நாடுகள் வந்தன. புருஷனும் பிள்ளைகளும் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் இராமேஸ்வரம் இறங்கிய பிறகு, இங்கே தங்கிவிட்ட ஒருத்தி, மூழ்கிப்போன ஊரின் கோயிலைத் தேடித் தண்ணீருக்குள் நடந்தாள் என்பதுதான் அந்தத் தடயங்கள் காட்டும் கதை. பிரிக்கப்படாத அந்தக் கடிதம் அவளுக்கு வந்தது. அதைக் கேட்டுத்தான் அவள் இரவுதோறும் வந்திருக்கிறாள் என்று நான் வாசிக்கிறேன். யாராவது ஒருவர் அவளிடம் கேட்டிருந்தால் போதும், நாவல் தானாக முடிந்திருக்கும். ஆசிரியர் அவளைக் கேட்காமல் கண்டியிலிருந்து வைத்தியரை வரவழைத்துச் சின்னத்துரையை விசாரிக்கச் சொல்கிறார். இருநூறு பக்கம் அவளுடைய கதையாக இருந்தது, அதன் பிறகு அவனுடைய தூக்கமின்மையின் கதையாகிவிட்டது. உங்களை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது என்று எழுதினீர்களே, அது இந்த இடம்தான் என்பது என் எண்ணம்.

மஸ்கெலியாக்காரராகிய உங்களுக்கு அது கூடுதலாகவே வலித்திருக்கும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக உங்கள் பழைய நகரம் நீருக்குள் போனது. வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளியே தெரிவதும், ஊர்ச்சனம் போய்ப் பார்ப்பதும் நீங்கள் அறிந்ததே. அப்படி ஒரு முறை நானும் போயிருந்தேன். வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த சேற்றில் கால் வைத்து நடந்து கோயில் இருந்த இடத்தை அடைந்தோம். கூரையில்லை, கதவில்லை, சுவரில் பாசி காய்ந்து சாம்பல் நிறமாக உரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் போன ஒரு வயதான அம்மா, வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சேற்றில் வெறுங்காலோடு உள்ளே போனார். வாசல் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. அவரைப் பார்த்து நானும் கழற்றினேன். நீருக்கடியில் மணி அடிக்கும் ஒரு கோயிலைப் பற்றி எழுத வருகிறவர், அந்த அம்மாவைப் போன்றவர்களும் தம் வாசகர்கள் என்பதை நினைக்க வேண்டும். அவர்களுக்கு அந்த மணியோசை சங்கிலி என்று சொல்லி முடித்துவிட முடியாது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில், விளக்கு எரியும் அறைக்குள் அவள் வருவதில்லை என்பது தெளிவாக நிறுவப்படுகிறது. அப்பு சமையலறை விளக்கை வேண்டுமென்றே அணைத்துவைக்கும் காட்சி அதனால்தான் அவ்வளவு உருக்கமாக இருக்கிறது. பத்தொன்பதாம் அத்தியாயத்திலோ அவள் சின்னத்துரையின் கட்டிலருகில், மேசை விளக்கு எரிந்துகொண்டிருக்க, நிற்கிறாள். ஏன் இந்த மாற்றம் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. வாசகரைத் திடுக்கிடவைக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வேதாளக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒத்துவராது. விடை தெரிந்தும் விக்கிரமாதித்தன் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்ளும். இந்த விதி கதைக்குக் கதை மாறாமல் நிற்பதால்தான், கடைசிக் கதையில் விடை தெரியாமல் அரசன் மௌனமாக நடக்கும்போது நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நடக்க முடியாததை எழுதுகிறவருக்குத்தான் விதி மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சிறு பிழைகளும் இருக்கின்றன. காமன் கூத்து மாசியில் நடப்பது. அமாவாசைக்குப் பின் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் நடக்கும். நாவலில் அது ஆடி மாதத்து மழையில் நடக்கிறது. மதன் எரிந்து மீண்டும் எழும் கூத்தை, ரதியின் ஒப்பாரியை, நீரிலிருந்து எழுந்து வரும் ஒருத்தியின் கதைக்குள் வைத்தது அருமையான எண்ணம். மாதம் பிழைத்ததால் தோட்டத்து வாசகர் அந்த இடத்தில் ஆசிரியரை நம்புவதை நிறுத்திவிடுகிறார். வேலைக்குப் போகுமுன் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில், விடியற்காலையில் போட வேண்டிய பேரை ஒன்பது மணிக்குப் போடுவதும் அப்படித்தான். பேயை நம்பவைக்க விரும்புகிறவர் பிரட்டு நேரத்தில் பிழைவிடக் கூடாது.

உங்கள் சக ஆசிரியரின் சொல்லுக்கு வருகிறேன். பேயை எதிர்பார்த்து வாசிப்பது தாழ்ந்த வாசிப்பு என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வந்துவிட்டது. காரைக்கால் அம்மையார் தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்றே சொல்லிக்கொண்டவர். திருவாலங்காட்டுப் பதிகத்தில் அவர் பெண்பேயின் உலர்ந்த மார்பையும் புடைத்த நரம்பையும் குழிந்த கண்ணையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவதைப் பாருங்கள். பேயை உடலோடு, முகத்தோடு எழுதிய மொழி இது. மனத்தைப் பற்றிய நாவலும் எழுதப்படட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மனத்தைப் பற்றிய நாவலாயிற்றே என்பது, முன்பாதியில் கொண்டுவந்து நிறுத்திய ஒருத்தியைப் பின்பாதியில் மறந்துவிடுவதற்கு அனுமதி ஆகாது. அப்புவுக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறது. முப்பது பக்கம் சின்னத்துரையின் மனத்தை ஆராயும் வைத்தியர், பக்கத்தில் தேநீர்த் தட்டோடு நிற்கும் அப்புவைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

நூலகத்தில் தாராளமாக வையுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. முடிந்தால் பதினான்காம் அத்தியாயம் வரை, வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக, வகுப்பில் உரத்து வாசியுங்கள். சமையலறைக் காட்சியை மாலைப் பாடவேளையில் மழை பெய்யும்போது வாசிக்க நேர்ந்தால் மிகவும் நல்லது. பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அந்தப் பெண் யார், எந்த லயம், அவளுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் வீட்டிலுள்ள அம்மாயி, அப்பாயி, தாத்தாமாரிடம் பழைய மஸ்கெலியாவைப் பற்றியும், கப்பலேறிப் போன உறவுகளைப் பற்றியும் கேட்டு வரட்டும். அவர்கள் எழுதுவதில் சிலவற்றை எனக்கும் அனுப்பிவையுங்கள். மண்டபம் முத்திரை குத்திய கடிதங்கள் இரண்டு என் வீட்டிலும் இருக்கின்றன, என் பெரியம்மாவுக்கு வந்தவை. வகுப்பில் காட்டுவதற்கு அவற்றின் படிகளை நான் உங்களுக்கு அனுப்புகிறேன்.